பனிக்குப் பாரம்

இன்று காலை இரண்டாம் மாடி சிஞ்ஞோரா, அந்த வீட்டு இத்தாலிய அம்மா, தன் கம்பளி மேலங்கியைப் படிக்கட்டுக் கைப்பிடியில் காயப் போட்டிருந்தார். நேற்றைய மழையில் நனைந்தது. படிகளைத் துடைத்துக்கொண்டு ஏறிய எனக்கு அங்கி கண்ணில் படுமுன் அதன் மணம் வந்துவிட்டது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் நனைந்த கம்பளியில் ஆடுதான் மணக்கும். வாளியை வைத்துவிட்டு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார், அங்கியை உள்ளே எடுத்துக்கொண்டார். பலெர்மோ நகரில் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கட்டடத்தின் படிகளை இருபது வருடமாகத் துடைக்கிறேன். ஒரு ஈர அங்கியை நம்பி என்னிடம் விடுவதற்கு அது போதாது போலிருக்கிறது.

அந்த மணம் மரியதாஸ் அண்ணையுடையது. மன்னாரில் கடல் தொழில் செய்தவர், இங்கே மதோனியே மலையில் ஆடு மேய்த்தார். ஏன் என்று கேட்காதீர்கள். ஊரில் செய்த வேலையையே இங்கும் செய்கிற ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானே ஊரில் கூட்டுறவுக் கடைக் கணக்குப்பிள்ளை. மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் தமிழ்ப் பூசைக்காக பலெர்மோவுக்கு இறங்கி வருவார். பூசை முடிய எங்கள் வீடு. கதவைத் தட்டியதும் என் மனைவி உள்ளே இருந்தபடியே சத்தம் போடுவாள்.

"அண்ணை, ஜக்கெற்றைக் கழட்டி வெளியிலை வையுங்கோ. ஆட்டை விட்டிட்டு ஆள் மட்டும் வாங்கோ!"

கழற்றி வைத்துவிட்டு வருவார். மணமும் கூடவே வரும். கையில் ஒரு சட்டி நிறைய ரிக்கொத்தா, ஆட்டுப்பாலில் செய்த பாற்கட்டி. "இது மட்டும் மணக்கேல்லையோ பிள்ளை?" என்பார். அவள் சீனி தூவிச் சாப்பிட்டுக்கொண்டே மூக்கைப் பொத்துவாள்.

அவரிடம் வதிவிட அனுமதி இருந்தது. இல்லாதது வேலை ஒப்பந்தம். அதை இத்தாலியர்கள் கொன்த்ராத்தோ என்பார்கள். ஊரிலும் நாங்கள் கொந்தராத்து என்றுதான் சொல்வோம். அந்த ஒரு சொல்லையாவது அவர் இங்கே வந்து படிக்க வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்தம் கையில் இருந்தால் மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடலாம். மகள் ஜெனிற்றாவுக்குப் பதினெட்டு வயது ஆகுமுன் விண்ணப்பிக்க வேண்டும்; ஆன பிறகு சட்டத்துக்கு அவள் பிள்ளை இல்லை. அடுத்த ஏப்ரலில் அவளுக்குப் பதினெட்டு ஆக இருந்தது. ஆடுகளின் சொந்தக்காரர், எல்லோரும் பத்ரோனே, அதாவது முதலாளி, என்று அழைக்கும் மனிதர், சொன்ன வாக்கு இது: மந்தையை இந்த வருடம் சாகாமல் காப்பாற்று, மார்ச்சில் எழுதித் தருகிறேன். அதைத் தமிழில் சொன்னவன் நான். மரியதாஸ் அண்ணையின் இத்தாலியன் ஆடுகளுக்கு மட்டும்தான் விளங்கும்.

சாகாமல் காப்பாற்று என்று ஏன் சொன்னார் என்றால், அது மழை இல்லாத வருடம். நகரத்தில் பகுதி பகுதியாக முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். மொட்டை மாடியில் இருக்கும் நீலத் தொட்டிகளை நான் விரலால் தட்டிப் பார்த்து, எது நிறைந்தது, எது வெறுமை என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டும். நான் படி துடைக்கும்போது சிஞ்ஞோரா மேலே நின்று என் வாளியைக் காவல் காப்பார். "அரை வாளி! அரை வாளி!" அரை வாளியால் ஐந்து மாடி துடைத்தால் அழுக்கு போகாது, இடம் மாறும். முதல் மாடி அழுக்கை ஐந்தாம் மாடிக்கு ஒழுங்காகக் கொண்டு சேர்த்தேன்.

மலையில் குளம் வெடித்துப் போயிருந்தது. ஆடுகள் சேற்றை நக்கின. மேலே ஏறாமல் தெருவோடு நின்றுவிடும் பவுசர் லொறியிலிருந்து மரியதாஸ் அண்ணை கான்களில் தண்ணீர் சுமந்தார். பத்ரோனே பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கிக் கொட்டிலுக்குள் வைத்தார். அது உள்ளே போக இடம் காணாமல் கொட்டிலின் நடுத்தூண்களைக் கழற்றி எறிந்தார். தகரக் கூரை விழாதா என்று அண்ணை கையால் காட்டிக் கேட்டாராம். "மழையே இல்லை, கூரை எதற்கு?" என்று சிரித்தாராம் பத்ரோனே.

கோவிலில் மழைக்காக மன்றாடினோம். ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். மரியதாஸ் அண்ணை எழுந்து, "ஆண்டவரே, வானத்திலை இருந்து என்னவாவது விழட்டும்" என்றார். என் மனைவி வன்னிக்காரி. குனிந்து என் காதில், "மனுசனைக் கவனமாக் கேக்கச் சொல்லுங்கோ. எங்களுக்கு விழுந்ததும் வானத்திலை இருந்துதான்" என்றாள். சிரிப்பை அடக்க நான் இருமினேன். ஃபாதர் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தண்ணீர் இருக்கவில்லை.

விழுந்தது. டிசம்பரில் தொடங்கிய புயல்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. முதலில் தெருக்களில் கார்கள் மிதந்தன. பிறகு குளிர் இறங்கியது. நகரத்துக்குப் பின்னால் நிற்கும் மலைகள் ஒரு காலையில் வெள்ளையாக இருந்தன. வேலைக்குப் போகிறவர்கள் நடுத்தெருவில் நின்று படம் எடுத்தார்கள். கோப்பிக் கடைக்காரன் எனக்குக் காசு வாங்காமல் கோப்பி தந்தான். "மேலே கிடப்பது பனி இல்லை, நமது கோடைத் தண்ணீர்" என்றான். வயதானவர்களே இவ்வளவு பனி கண்டதில்லை என்றார்கள்.

அன்று மத்தியானம் மரியதாஸ் அண்ணை அழைத்தார்.

"தம்பி, இஞ்சை ஒரே வெள்ளை. ஆடு எது, பனி எது எண்டு தெரியேல்லை."

"குளிரோ அண்ணை?"

"குளிர்தான். தலையிலை துவாய் கட்டியிருக்கிறன். ஆனால் தண்ணி சுமக்கிற வேலை போச்சு. சட்டியிலை அள்ளி உருக்கி வைக்க, மறியாடுகள் எல்லாம் குடிக்குதுகள். கூரையும் போர்வை போர்த்த மாதிரி வடிவாக் கிடக்கு. உள்ளுக்கை சூடு நிக்கும்."

ஜெனிற்றாவுக்குப் படம் அனுப்பியதாகவும் அவள், "அப்பா, சுவிஸிலை நிக்கிறியளோ?" என்று கேட்டதாகவும் சொல்லிச் சிரித்தார். பிறகு அழைப்பு வரவில்லை. பாதை மூடிவிட்டது.

பாதை திறந்ததும் பத்ரோனே தன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. வழியெல்லாம் பனிச் சுவர். கொட்டில் இருந்த இடத்தில் மடிந்த தகரமும் அதன்மேல் பனியும் இருந்தன. பக்கத்தில் மரியதாஸ் அண்ணை மண்வெட்டியோடு நின்றார். விரல் நுனிகள் கறுத்திருந்தன. தோண்டி எடுத்த ஆடுகளை மதிலோரமாக வரிசையாகக் கிடத்தியிருந்தார். உயிரோடு மிஞ்சிய சில, செத்தவற்றை முகர்ந்துகொண்டு நின்றன.

"சோறு வடிச்சுக்கொண்டு நிண்டனான். வள்ளம் கல்லிலை ஏறின மாதிரி ஒரு சத்தம்" என்றார் என்னிடம்.

கூரையில் கிடந்த பனியை ஏன் வழித்துத் தள்ளவில்லை என்று பத்ரோனே கத்தினார். தமிழில் சொன்னேன். அண்ணை அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"பனியை ஏன் தம்பி தள்ளோணும்? பனிக்குப் பாரம் இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

உங்களுக்கும் எனக்கும் இது விளங்கும். எங்கள் ஊரில் பனி என்பது மார்கழி விடியலில் தலைமயிரை நனைப்பது, வள்ளத்துப் பலகையை ஈரமாக்குவது, வெயில் ஏறினால் காணாமல் போவது. அதைத் தாங்க எவரும் தூண் நட்டதில்லை. நான் அவர் சொன்னதை இத்தாலியனில் இப்படிச் சொன்னேன்: இவருடைய நாட்டில் பனிக்குப் பாரம் கிடையாது. பத்ரோனே சிரித்தார். அடிவாரத்துக் கோப்பிக் கடையிலும் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார் என்று பிறகு அறிந்தேன்.

"நடுத்தூணைக் கழட்டினது அவர்தான் எண்டு சொல்லு தம்பி" என்றார் அண்ணை.

அதை இரண்டு தரம் மொழிபெயர்த்தேன். இரண்டு தரமும் பத்ரோனேவுக்குக் கேட்கவில்லை.

பத்ரோனே வண்டியிலிருந்து ஒரு கத்தியும் வெறும் உரப்பையும் எடுத்து வந்தார். ஒவ்வொரு ஆட்டின் காதிலும் மஞ்சள் இலக்கத்தகடு குத்தியிருக்கும். அரசாங்கம் நட்டஈடு கொடுக்கத் தகட்டைக் காட்ட வேண்டும். விறைத்துப்போன காதிலிருந்து தகடு கழலாது. காதோடு அறு என்றார். அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை, கத்தியைக் கையில் கொடுத்துவிட்டார். மரியதாஸ் அண்ணை ஒவ்வொன்றாக முகத்தில் ஒட்டியிருந்த பனியைத் துடைத்து, எது என்று பார்த்து, அறுத்தார். பத்ரோனே பையின் வாயை விரித்துப் பிடித்தார். காதுகள் உள்ளே விழும்போது கல் விழுவதுபோலச் சத்தம் கேட்டது.

எல்லாம் முடிந்தபின் அண்ணை கத்தியைப் பனியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒரே ஒரு சொல் கேட்டார்.

"கொந்தராத்து?"

பத்ரோனே பையைக் கட்டித் தோளில் போட்டார். "யாருக்கு? இவற்றுக்கா?" என்று கேட்டுப் பையைக் குலுக்கிக் காட்டினார்.

மார்ச் முழுவதும் அண்ணை எங்கள் வீட்டில் இருந்தபடி வேலை தேடினார். கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தவர்கள் பிறகு வா என்றார்கள். மலையில் பனி உருகியது. நீர்த்தேக்கங்கள் நிரம்பின, தண்ணீர் முறை எடுபட்டது, குழாயில் இரவு பகலாகத் தண்ணீர் வந்தது. சிஞ்ஞோரா வாளியைக் காவல் காப்பதை விட்டுவிட்டார். ஏப்ரல் வந்தது. ஜெனிற்றா கேக் வெட்டிய படத்தை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். அண்ணைக்குக் காட்டாமல் கைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

ஒப்பந்தம் கிடைத்தது, இலையுதிர் காலத்தில், கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில். தட்டுக் கழுவும் வேலை. அவர் கேட்காமலே எழுதித் தந்தார்கள். மனைவி வந்து சேர்ந்துவிட்டார். ஜெனிற்றா மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருக்கிறாள். அந்த மலையில் இப்போது மந்தையும் இல்லை, கொட்டிலும் இல்லை. பத்ரோனே நட்டஈட்டை வாங்கிக்கொண்டு நிலத்தையும் விற்றுவிட்டார்.

ஞாயிறுகளில் அண்ணையும் மனைவியும் எங்கள் வீட்டிலிருந்துதான் மகளை அழைப்பார்கள். அவர் மலையில் இருந்த காலத்தில் ஜெனிற்றா தானாக இத்தாலியன் படித்துக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் தொலைபேசியை எடுத்ததும், "ப்ரோன்தோ, பாப்பா!", அதாவது ஹலோ அப்பா, என்று தொடங்கி மூச்சு விடாமல் இத்தாலியனில் கதைப்பாள். அவருக்குப் பாதி விளங்காது; விளங்காத பாதிக்குத்தான் அதிகம் சிரிப்பார்.

போன ஞாயிறு அவள் எடுத்ததும் இவரே முந்திக்கொண்டு, "ப்ரோன்தோ!" என்றார்.

"அப்பா, தமிழிலை கதையுங்கோ" என்றாள். "அதெல்லாம் நான் மறந்திட்டன்."