தானாக இறங்கிய வெள்ளைக் கோடு

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருப்பவளுக்கு டக்டக் என்று பெயர். விடிந்ததும் தட்டச்சு ஓசை சுவர் வழியாக வந்துவிடும் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். வயது நாற்பத்தாறு. மருத்துவர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து தருகிறாள்.

கணவர் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து பதினோரு மாதமாகப் படுக்கை. பேச்சில்லை, வலக்கை விரல்கள் மட்டும் அசையும். அந்தக் கைக்குள் எண்கள் மட்டுமுள்ள சிறிய கம்பியில்லா விசைப்பலகை ஒன்றை வைத்திருக்கிறாள். அவர் எதை அழுத்தினாலும் அடுத்த அறையில் கணினி கூவும், இவள் ஓடுவாள். அதனால் கணினியை அவள் அணைப்பதே இல்லை.

சென்ற செவ்வாய் பகல் 1.10-க்கு மின்சாரம் போய் 1.25-க்கு வந்தது. 1.40-க்கு என் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, கம்ப்யூட்டர் வரமாட்டேங்குது. நாலு மணிக்குள்ள அனுப்பணும். போன மாசம் ஒரு தடவை லேட்டாயிடுச்சு. இன்னொரு தடவைன்னா வேலை வேற ஆளுக்குன்னு சொல்லிட்டாங்க."

நான் கணினி அறிந்தவன் அல்லன்; வானிலை நிலையத்தில் மழையளவு குறித்தவன். நோட்டோடு போனேன்.

பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது, சின்னம் வந்தது, பிறகு வழக்கமான திரைக்குப் பதிலாக ஏதேதோ பட்டியலோடு ஒரு நீலத்திரை. வெளியேறினால் மறுபடி நீலம். கம்பிகளைக் கழற்றி மாட்டினோம். நீலம். அவளுடைய பெரிய விசைப்பலகையையே பிடுங்கினோம். அப்போதும் நீலம். இடையிடையே உள்ளே எட்டிப் பார்த்து, "இதோ வரேங்க" என்றாள். அவர் கை போர்வைக்குள் இருந்தது.

பழுது பார்க்கும் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"போர்டு போயிருக்கும் மேடம். கொண்டாந்து போடுங்க, வெள்ளிக்கிழமை பாக்கலாம்."

"நீங்க பாக்கறதுக்குள்ள என் பொழைப்புக்குப் பால் ஊத்திருவாங்க!"

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "எலிப்பொறிக்காவது ஒரு கதவு இருக்குண்ணா."

3.05-க்கு ஏழாவது முறையாகப் பொத்தானை அழுத்தினோம். நோட்டில் எழுதுவதற்காகத் திரையை உற்றுப் பார்த்தேன். பட்டியலின் மேலிருந்த வெள்ளைக் கோடு தானாக ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"கீபோர்டுதான் இல்லையே. யாரும்மா அழுத்தறா?"

என்னைப் பார்த்தாள். உள்ளறையைப் பார்த்தாள். ஓடினாள்.

படுக்கை நனைந்திருந்தது. ஒன்றரை மணி நேரமாக அவர் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். கணினி கிளம்பாததால் அது கூவவில்லை; அவர் அழுத்திக்கொண்டே இருந்ததால் அது கிளம்பவில்லை. கிளம்பும் நேரத்தில் விசை அழுந்தினால் அந்த நீலப் பட்டியல்தான் திறக்கும் போலிருக்கிறது.

துடைத்து, விரிப்பு மாற்றி, அவரைப் புரட்டிப் போட இருபது நிமிடம் ஆனது. பிறகு அந்தச் சிறு பலகையைக் கேட்டாள். அவர் விடவில்லை.

"ஒரே நிமிஷம் குடுங்க. நான் எங்க போயிடப் போறேன்?"

விரல்கள் இறுகின. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து என்னிடம் நீட்டினாள். அவர் கண் என் கையை விட்டு அகலவில்லை.

3.29-க்கு வழக்கமான திரை வந்தது. முதல் காரியமாகப் பலகையைத் திரும்ப அவர் கையில் வைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள். 3.56-க்கு அனுப்பினாள்.

4.02-க்கு அடுத்த ஒன்பது ஒலிப்பதிவுகள் வந்தன. ஏழு மணிக்குள் வேண்டுமாம். ஹெட்போனை எடுத்து ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டாள். மற்றக் காது உள்ளறைப் பக்கம் இருந்தது.