சிவப்புப் பேனா அக்கா பார்த்த அறிக்கை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குச் சிவப்புப் பேனா அக்கா என்று பெயர். ஆலைகளைச் சோதிக்கும் இன்ஜினியர்கள் ஆங்கிலத்தில் எழுதித் தள்ளும் அறிக்கைகளைத் திருத்துவதுதான் எங்கள் பிழைப்பு. ஒன்று என்றால் 'ஹேஸ்', பல என்றால் 'ஹேவ்' என்பது அந்த மகானுபாவர்களுக்கு ஏழு ஜென்மத்திலும் மண்டையில் ஏறாது. 'ஏ', 'தி' எல்லாம் உப்புப் போடுவது மாதிரி, கை போன போக்கில்தான்.

அக்கா கடைசி வாக்கியத்தில் தொடங்கி மேலே ஏறுவாள். மேலிருந்து படித்தால் விஷயம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தப்பிவிடும் என்பாள். நாங்களும் அப்படியே பழகிவிட்டோம்.

அவள் வீட்டுக்காரர் துணி ஆலையில் பாய்லர் பார்ப்பவர். சில நாளாகப் பாய்லரின் சத்தமே சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். சோதனை அறிக்கை உன்னிடம்தானே வரும், மோசமென்றால் சொல், அன்றைக்கே வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தார்.

திருத்த வரும் அறிக்கைகளில் ஆலையின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அக்கா திருத்திக் கொடுத்த ஓர் அறிக்கை திரும்பிப் போன பிறகுதான், அது உங்கள் வீட்டுக்காரர் ஆலையுடையது என்று குமாஸ்தா அக்காவிடம் சொன்னார். அவள் யோசித்துப் பார்த்தாள். விட்டுப்போன 'தி' இரண்டும், இடம் மாறிய 'ஹேஸ்' ஒன்றும்தான் நினைவுக்கு வந்தன. பயப்படும்படி ஏதாவது இருந்தால் தன் கண்ணில் படாமலா போயிருக்கும் என்று நம்பிவிட்டாள். திரும்ப வாங்கிப் பார்க்கவில்லை.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க. நானே பார்த்தேன்," என்று அவரிடம் சொன்னாள். மனுஷன் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

அந்த வாரமே பாய்லர் வெடித்தது. அடையாளம் காட்ட நான்தான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். கைக்கடிகாரத்தை வைத்துத்தான் அவர் என்று சொல்ல முடிந்தது.

பாய்லரை உடனே நிறுத்த வேண்டும் என்று அறிக்கையின் முதல் வரியிலேயே இருந்தது. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி இழுப்பறையில் போட்ட ஆலை முதலாளி, அந்தப் பாவி, விசாரணைக்கு இஸ்திரி கலையாத சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தான்.

விசாரணை அதிகாரி அறிக்கையை அக்கா முன்னால் வைத்தார். அவள் முதன்முறையாக மேலிருந்து கீழே பார்த்தாள். இதை நீங்கள் படித்தீர்களா அம்மா என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"திருத்தினேன் சார்," என்றாள். "படிக்கலை. படிச்சிருந்தா அவரை அனுப்பியிருப்பேனா?"