டைலுக்கு அடியில் போகும் பலகை

என் அப்பா வெர்லின், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வீட்டு வேலை எதற்கும் ஆள் கூப்பிட மாட்டார். மினசோட்டாவில் எங்கள் தெருவில் எந்த ஆணும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால், வாசலில் நிற்கும் வேலைக்காரரின் வேனை அண்டை வீட்டார் பார்த்துவிடுவார்கள்.

ஜூன் முதல் சனிக்கிழமை, நான் பள்ளி முடித்ததற்கான விருந்து. அன்று ஊரே வீட்டுக்குள் வந்து கேக் சாப்பிடும். அப்படியே குளியலறையையும் ஒரு பார்வை பார்க்கும். எங்களுடையதில் பழைய பிளாஸ்டிக் தரைவிரிப்பு ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. அம்மா ஜனீன் கேட்டது ஒன்றுதான்: விருந்துக்கு முன்னால் டைல்.

அப்பா டைலை ஒரே நிமிடத்தில் தேர்ந்தெடுத்தார். அதற்கு அடியில் போகும் பலகைக்கு ஏப்ரல், மே இரண்டும் போயின. மரத்தரை குளிரில் சுருங்கும், கோடையில் உப்பும். நடுவில் நல்ல பலகை இல்லாவிட்டால் டைல் விரிசல் விடும். சிமென்ட் பலகை கனம். நுரைப் பலகை கத்திக்கே வெட்டுப்படும், ஆனால் அவருக்கு நம்பிக்கை இல்லை. எல்லாவற்றிலும் ஒரு துண்டு வாங்கிவந்து சமையலறையில் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார்.

"எங்க வீட்ல வெறும் பச்சை ஜிப்சம் பலகைதான். இத்தனை வருஷமா நிக்குது" என்றார் எதிர்வீட்டு ஆர்டெல்.

"நிக்குதா, மிதக்குதா?" என்றார் அப்பா.

"வெர்லின், நீ பேருந்து ஓட்டுறியா, கப்பல் கட்டுறியா?" என்றாள் அம்மா.

கடைசியில் ஜெயித்தது சிமென்ட் பலகை. விருந்துக்கு முந்தைய வாரம் டாய்லெட் பீங்கானைக் கழற்றி கராஜில் வைத்தார். பசை பூசிப் பலகைகளை இடைவெளி விட்டுப் பதித்தார், ஸ்க்ரூ முடுக்கினார், இடைவெளிகளின் மேல் வலை நாடா ஒட்டினார். வியாழக்கிழமை ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தபோது, அடியில் காலியாக இருப்பதுபோல் 'டொக்' என்றது. பெயர்த்து மறுபடி பதித்தார்.

சனிக்கிழமை வந்தது. டைல் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

குளியலறை கேட்ட விருந்தாளிகளை அம்மா பக்கத்து வீட்டு ஆர்லிஸிடம் அனுப்பினாள். ஆர்லிஸ் கையில் புதுத் துண்டோடு வாசலிலேயே நின்றாள். "வாங்க, வாங்க, எங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல!" அந்தக் குரல் தெருக்கோடிவரை கேட்டது. அம்மா ஹாம் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

ஆண்கள் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. காகிதத் தட்டோடு எங்கள் குளியலறை வாசலில் வரிசையில் நின்றார்கள்.

"ஒரு ஸ்க்ரூ தலை மேல நீட்டுதா பாரு!" என்று வியந்தார் ஒருவர்.

ஆர்டெல் மண்டியிட்டுப் பலகையைத் தடவினார். "இதை மூடவா போறே? மனசு வருமாப்பா?"

"எனக்கும் அதான் யோசனை" என்றார் அப்பா. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. என் சான்றிதழைப் பார்த்தபோதுகூட இல்லை. "செப்டம்பர்ல பார்த்துக்கலாம்."

அம்மா காதில் அது விழுந்தது.

திங்கட்கிழமை அப்பாவின் பேருந்து தெருமுனை திரும்பியதும் அவள் வாளியில் பசையைக் கலக்க ஆரம்பித்தாள். தூரத்து மூலையில் முதல் டைலை வைத்து, உள்ளங்கையால் ஊன்றி அழுத்தினாள். அப்பா திரும்பி வந்தபோது பாதிப் பலகை மறைந்திருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "பசை கொஞ்சம் தடிமனா..."

"ஷூவோட உள்ள வராதே. அடுத்த டைலை எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தார்.