சூரியன் சும்மா இருக்கிற நாளு

மூணாந்தடவ சூடு பண்ணி அடி புடிச்சுப் போன அந்த நாட்டுக்கோழிக் கொழம்புச் சட்டிய நெனச்சா இன்னிக்கும் எனக்கு எரிச்சலாத்தான் வருது. இப்பல்லாம் மாப்ள வர்றேன்னு சொன்னா, கிருஷ்ணகிரி தாண்டிட்டேன்னு போன் வந்தப்புறம்தான் அடுப்பையே பத்த வெக்கறேன். அன்னிக்கு எனக்கு அந்தப் புத்தி இல்ல. எம்பொண்ணுக்குத் தலப்பிரசவம் எங்க வூட்டுல ஆச்சு. கொழந்தைக்கு அஞ்சாம் மாசம் புருசன் நேர்ல வந்து பொண்டாட்டி புள்ளய அழச்சிட்டுப் போவணும், அதுதான் எங்க பக்கத்து வழக்கம். நல்லம்பள்ளி, மொரப்பூருன்னு சொந்தக்காரங்க எல்லாம் வந்து உக்காந்தாச்சு. அப்பத்தான் போன் வருது. "அத்தை, சூரியன்ல ஒண்ணு பெருசா வெடிச்சிருக்குங்க. என்னால நகர முடியாதுங்க." வந்த சனத்துக்கு நான் என்னத்தச் சொல்றது? மாட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னா ஒத்துக்குவாங்க. சூரியனுக்குச் சரியில்லன்னு சொன்னா?

மாப்ளைக்கு பெங்களூர்ல வேல. சூரியனப் பாக்கறதுக்குன்னே ஒரு செயற்கைக்கோள அனுப்பியிருக்காங்களாம். பூமிய வுட்டு வெகுதூரம் தள்ளி, தன்னந்தனியா நின்னு பாக்குதாம். சூரியன் மூஞ்சிய ஒரு தட்டால மறச்சுட்டு, ஓரத்துல என்ன பொங்குதுன்னு பாக்குமாம். "பொண்ணு பாக்க வந்து, பொண்ண மறச்சுட்டு சுத்தி நிக்கறவங்களப் பாத்த மாதிரியில்ல இருக்குது"ன்னேன். அவரு சிரிக்கல, வெளக்கம் சொன்னாரு. அதுதான் அவருகிட்ட எனக்குப் புடிக்காதது, எதச் சொன்னாலும் வெளக்கம். சூரியன் துப்பறது நம்ம பக்கம் வருதா, எப்ப வந்து சேரும்னு இவங்க கணக்குப் போட்டுச் சொன்னாத்தான் மேல சுத்தற மத்த செயற்கைக்கோள்ங்களப் பத்திரம் பண்ண முடியுமாம். இல்லன்னா போனு, கரண்டுன்னு எல்லாத்துக்கும் கோளாறு வரலாமாம். நல்ல வேலதான், இல்லங்கல. எம்பொண்ணுக்கு என்ன பதிலு?

ரெண்டாவதா ஒரு நாளு குறிச்சோம். அன்னிக்கும் வெடிச்சுது. "பொட்டப்புள்ள பொறந்துடுச்சுன்னு கூட்டிட்டுப் போவ மனசில்ல, சூரியன் மேல பழி போடறான்"னு எங்கண்ணனே சொன்னாரு. எம்பொண்ணு கட்டி வெச்ச பையப் பிரிச்சு, துணிய ஒவ்வொண்ணா எடுத்து பீரோவுல அடுக்குனா. "இனிமே யாரும் வர வேண்டாம்மா. நான் தருமபுரியிலயே ஒரு வேல தேடிக்கறேன்"னா. அவ அழுதிருந்தாக்கூடப் பரவால்ல. அவ அடுக்கி முடிக்கறதுக்குள்ள நான் போனக் கையில எடுத்தேன்.

மாப்ளையக் கூப்புட்டேன். "ஏங்க மாப்ள, அது சும்மா இருக்கிற நாளே கெடயாதுங்களா?" மறுபடியும் வெளக்கம். சூரியன் மூஞ்சியில கரும்புள்ளிங்க இருக்குதாம், வெடிக்கறது பெரும்பாலும் அதுலருந்துதானாம். சூரியன் சுத்தறப்ப அந்தப் புள்ளி முதுகுப் பக்கம் போயிட்டா கொஞ்ச நாளைக்குத் தொந்தரவு கம்மியாம். "அப்ப அது முதுகு திருப்புற நாளச் சொல்லுங்க"ன்னேன். யோசிச்சு ஒரு செவ்வாக்கெழம சொன்னாரு. பஞ்சாங்கத்துல பாத்தா கரிநாளு. எங்கண்ணன் குதிச்சாரு, "கரிநாள்ல எவளாவது பொண்ண அனுப்புவாளா?" "ஏண்ணா, நீ பாத்துக் குடுத்த ரெண்டு நாளும் நல்லாத்தான் இருந்துச்சு, மாப்ளதான் வரல. உனக்கு நாளு வேணுமா, மாப்ள வேணுமா?"ன்னேன்.

அந்தச் செவ்வாக்கெழம மாப்ள கார்ல வந்தாரு. எலையில உக்காந்து ரெண்டு வாய் தின்னிருப்பாரு, போன் அடிச்சுது. எங்கண்ணன் என்னையப் பாத்து மீசையத் தடவறாரு. "புதுசா ஒரு புள்ளி வந்து, ஓரத்துல வெடிச்சிருக்குங்க"ன்னு மாப்ள எச்சக்கையோட பாதி எந்திரிச்சுட்டாரு. எனக்கு அந்த எலையத் தூக்கி சூரியன் மேலயே வீசலாம்போல இருந்துச்சு.

கதவோரமா நின்ன எம்பொண்ணு கேட்டா, "நம்ம பக்கம் வருதா?"

"இப்பச் சொல்ல முடியாது. படத்தப் பாத்துக் கணக்குப் போடணும்."

"வந்தாலும் ரெண்டு நாள் ஆவும்னு நீங்கதான சொன்னீங்க. உக்காந்து சாப்புடுங்க."

கொழந்தைய எங்கையில குடுத்துட்டு உள்ள போனா. பீரோ தெறக்கற சத்தம் கேட்டுது. அங்கிருந்தே சொன்னா, "கார நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காந்து கணக்கப் போட்டுக்கிட்டு வாங்க. புள்ளயையும் நீங்கதான் வெச்சுக்கணும்."

ராகு காலம் வருதேன்னு எங்கண்ணன் ஏதோ ஆரம்பிச்சாரு. நான் மேல பேச வுடாம அண்ணன் எலையில இன்னும் ரெண்டு கை சோத்த அள்ளி வெச்சேன்.