தம்பி பதிந்த பெயர்

ஒரே கடைப் பெயருக்காக இரண்டு பேர் நீதிமன்றம் போன கதையைப் பற்றி ஒரு வக்கீல் செய்தித்தாளில் கட்டுரை எழுதியிருந்தார். பெயரை முதலில் பதிந்தவர் பெரியவரா, முதலில் பயன்படுத்தியவர் பெரியவரா என்று நீளமாகப் போனது அது. கல்லாவில் உட்கார்ந்து என் தம்பி அதை எனக்கு வாசித்துக் காட்டினான். விளையாட்டுப் பக்கத்தைத் தவிர வேறெதையும் புரட்டாதவன்.

"அக்கா, நம்ம கடைப் பேர நீ எங்கயும் பதியலேல்ல?" என்றான்.

இல்லை என்றேன். "சரி" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்தச் "சரி" எனக்குப் பிடிக்கவில்லை.

நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சாப்பிட வரும் மெஸ் என்னுடையது. வீட்டுக்காரர் இறந்த பிறகு, கைக்குழந்தையாக இருந்த மகளின் பெயரை வைத்து ஆரம்பித்தேன். அடுப்படி என் பொறுப்பு. லைசென்ஸ், வரி, ஆபீஸ் அலைச்சல் எல்லாம் தம்பி பொறுப்பு. அதனால் தாள்கள் எல்லாம் அவன் பெயரில். இத்தனை வருஷம் அது எனக்கு உறுத்தவில்லை. இப்போது அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாலே உறுத்தியது. சாம்பார் வாளியோடு ஜன்னலோரம் நின்று ஒட்டுக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நின்றேன்.

மதியம் சாப்பிட வரும் வக்கீலம்மாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து போனில் தேடினார். டிரேட் மார்க் விண்ணப்பங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். என் மகளின் பெயர் அதில் இருந்தது. விண்ணப்பித்தவர் என்ற இடத்தில் தம்பியின் பெயர்.

இதைத் தடுக்க முடியுமா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். "ஆட்சேபணை போடலாம். ஆனா கடைய நடத்துனது நீங்கதான்னு காட்டணும். என்ன இருக்கு?" என்றார். என்னிடம் துண்டுத் தாள்கூட இல்லை.

மகளின் போனில் ஒரு பழைய படம் இருந்தது. அவளுடைய காதுகுத்துக்குத் தாய்மாமன் வைத்த ஃபிளெக்ஸ், அதன் முன்னால் தம்பி மடியில் மொட்டைத் தலையோடு அவள். ஃபிளெக்ஸின் ஓரத்தில் என் முகம், அதற்குக் கீழே மெஸ்ஸின் பெயரும் 'உரிமையாளர்' என்ற பட்டமும். அச்சடிக்கச் சொன்னவன் தம்பியேதான்.

"அவரே எழுதிக் குடுத்த மாதிரிம்மா" என்று வக்கீலம்மா சந்தோஷப்பட்டார். போனுக்குச் சொந்தக்காரர்தான் அந்தப் படத்துக்குச் சான்று கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மகள் பேனாவைத் தொடவில்லை.

"மாமாட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

நான் கேட்கவில்லை. அவளே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

தம்பி பதறவில்லை. "அக்கா, உன் பேருல பதிஞ்சா மச்சானோட அண்ணன்தம்பிக பங்கு கேட்டு வந்து நிப்பாக. என் பேருல இருந்தா பத்திரம்னுதான் போட்டேன். சொன்னா நீ சந்தேகப்படுவ."

என் கொழுந்தன்கள் அப்படிப்பட்டவர்கள்தான். எனக்கு மனசு இளகிவிட்டது. பாவம், இவனைப் போய் நினைத்தோமே என்றுகூடத் தோன்றியது.

மகள்தான் பேசினாள். "சரி மாமா. இப்ப நான் காலேஜே போறேன்ல. என் பேர எனக்கே மாத்திக் குடுத்துருங்க."



"வாரேன்த்தா, நேர்ல பேசுவோம்" என்று வைத்துவிட்டான்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து இலைகளை எடுக்கும்வரை அவன் வரவில்லை. மகள் பேனாவை எடுத்து, தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.