புடவையின் பின்பக்கம்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டுக்கடைக்கு வந்த அந்த மனிதர் எந்தப் புடவையையும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். ஒல்லியானவர்; கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பணம் கட்டக் கடையின் ஆப் இருக்கிறது என்றேன். அதை என் போனிலேயே திறக்கச் சொல்லி, தன் லேப்டாப்பிலிருந்து நெட் கொடுத்தார்.

"ஆப்புல ஓட்டையத் தேடறதுதான் என் வேலபா. பேங்க்னு யார் சொன்னாலும், அவங்க காட்டற அடையாள சர்டிபிகேட்ட சரிபார்த்துட்டுதான் ஆப் நம்பணும். இப்ப என் லேப்டாப்தான் பேங்க்னு சொல்லிக்கினு இருக்குது. சர்டிபிகேட் நானே செஞ்சது. உன் கார்டு நம்பரப் போடு."

போட்டேன். பதினாறு இலக்கமும் அவர் திரையில் வந்து நின்றன. மூன்று தீபாவளியாக இந்த ஆப்பில் வாங்கியவர்களின் கார்டெல்லாம் இப்படித்தான் திறந்து கிடந்ததா?

"டெஸ்டிங்குக்காக சர்டிபிகேட் செக்கிங்க ஆஃப் பண்ணிட்டு, திரும்ப ஆன் பண்ண மறந்துட்டாங்க. இந்த ஆப்ப எழுதுனவர் இங்கதான் இருக்காரா?"

"இல்ல சார். வேலய வுட்டுப் போய்ட்டாரு."

எழுதியவன் நான்தான். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, புடவையின் பின்பக்கத்தைப் பார்த்த அதே நிதானத்தோடு என்னைப் பார்த்தார்.