கொழுந்து மெசேஜ்

மொத அடி விழுந்தப்ப அடுப்புல ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தேன். எதுக்குன்னு கேக்கக்கூட விடல. எம் புருஷன் என் முடியக் கொத்தாப் புடிச்சு செவத்துல மோதினாரு. ஒதடு கிழிஞ்சு வாயெல்லாம் ரத்தம். அப்பறந்தான் போன மூஞ்சிக்கு நேரா நீட்டி, "மத்தியானம் எங்கடி போன?"ன்னு கேட்டாரு.

போன்ல நான் பறிச்ச தேயிலைக் கொழுந்தோட கணக்கு வந்திருந்துச்சு. காலையில பதினோரு கிலோ, மத்தியானம் ஒண்ணுமில்ல. எங்க தோட்டத்துல தராசுக் கணக்கு ஒரு எடத்துலயும், பேர்ப்பதிவு இன்னொரு எடத்துலயும் கெடந்துச்சு. அத ரெண்டையும் கொழும்புல இருக்குற யாரோ ஒண்ணா கோத்துட்டாங்க. கிளவுட்டாம். அதுலருந்து கொழுந்து நிறுத்த கையோட மெசேஜ் போயிரும். நல்ல விசயந்தான். ஆனா பொம்பளைங்க பேருக்கு நேரா இருந்த நம்பரெல்லாம் புருஷன்மாரோடது. கோத்த மகராசனுங்களுக்கு அது கண்ணுல படல.

மத்தியானக் கொழுந்த எங்க லயத்துல பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரிக்குக் குடுத்திருந்தேன். மாசமா இருக்கவ, தலசுத்தி வாய்க்காலோரம் ஒக்காந்துட்டா. எஞ்சாக்க அவ சாக்குல கொட்டி அவ பேர்ல நிறுக்கச் சொன்னேன். எங்களுக்குள்ள அது வழக்கந்தான். கங்காணியே பாத்தும் பாக்காத மாதிரி திரும்பிக்குவாரு. இதையெல்லாம் சொன்னேன். யாரு கேக்குறா? மெசேஜ் பொய் சொல்லுமான்னு கேட்டு இன்னொரு அற விட்டாரு.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் ஐயா ஹட்டன்காரரு, தன்மையானவரு. என் வீங்குன மூஞ்சியப் பாத்துட்டு, நான் கேட்டபடியே என் நம்பரப் போட்டுக் குடுத்தாரு. சாயங்காலம் எம் போனுக்கு மெசேஜ் வந்துச்சு. அப்பாடான்னு இருந்தேன். விடிஞ்சப்ப பழைய நம்பரே திரும்பி வந்திருந்துச்சு. அதோட விட்டாலும் பரவாயில்ல, ஒங்க மனைவி நம்பர மாத்தப் பாத்தாங்க, அது செல்லாதுன்னு அவருக்கே ஒரு தகவல் போயிருச்சு. அன்னைக்கு வெறகுக்கட்டையால அடிச்சாரு. மூச்சு விட்டா வெலா எலும்பு குத்துச்சு. அதோடயே மறுபடி ஆபீசுக்குப் போனேன்.

"நான் இங்க மாத்துனாலும் ராத்திரியோட ராத்திரியா கொழும்புக் கணக்கு வந்து அழிச்சுருதும்மா. புருஷன் இருக்கவரைக்கும் அது குடும்பத் தலைவர் நம்பரத்தான் எடுக்கும்"னாரு கிளாக்கர் ஐயா.

"இல்லேன்னா?"

"எறந்துட்டா பொஞ்சாதி நம்பர எடுக்கும்."

"அப்ப செத்துட்டாருன்னு போடுங்க."

அவரு பதறிப்போயி கம்ப்யூட்டர்லருந்து கையெடுத்துட்டாரு. நான் திரும்பி நின்னு சட்டையத் தூக்கி முதுகக் காட்டுனேன். வெக்கமெல்லாம் படல, எரிச்சல்தான் வந்துச்சு. அவரு திரும்பவும் கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டுனாரு.

மறுநாள் காலையில பெரட்டுக் களத்துல எல்லாருக்கும் வேல பிரிச்சாங்க. எம் புருஷன் தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுறவரு, கத்தியோட நின்னாரு. வேல பிரிக்கிற கண்டாக்கையா கையில இருந்த மெசினப் பாத்து, "ஒம் பேரு இல்லியேப்பா. செத்துட்டதால்ல காட்டுது"ன்னாரு. ஒண்ணோட ஒண்ணு கோத்திருந்ததால ஒரே ராத்திரியில எல்லாக் கணக்குலயும் அவரச் சாகடிச்சிருந்துச்சு. ரெண்டு மூணு பேரு சிரிச்சுட்டாங்க.

அவரு சிரிச்சவங்களப் பாக்கல, என்னையத்தான் பாத்தாரு. நான் ஓடல. கத்தி வந்தப்ப கூடையத் தூக்குனேன். கூடையக் கிழிச்சுக்கிட்டு வந்து தோளுல எறங்குச்சு. ரெண்டாவது தடவ ஓங்குறதுக்குள்ள பொம்பளைங்க அவரு மேல விழுந்துட்டாங்க. சேத்துல போட்டு மிதிச்சாங்க. ஒருத்தி கொழுந்து மட்டம் பாக்குற மட்டக்கம்பால அவரு மணிக்கட்டுல ஓங்கிப் போட்டா. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. சந்தோசமா இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்?

பொலிஸ் அவரக் கூட்டிக்கிட்டுப் போயி, பொறகு பிணையில விட்டுச்சு. கையில கட்டோட தோட்டத்துக்கு வந்தவருக்கு வேலயும் இல்ல, பேரும் இல்ல. ஆபீசுக்கு என்னையக் கூப்புட்டு விட்டாங்க.

"செத்ததா சொன்னது நீங்க. உசுரோட இருக்காருன்னும் நீங்கதான் சொல்லணும்"னாரு கிளாக்கர் ஐயா.

"சொல்லு புள்ள"ன்னாரு எம் புருஷன். கட்டுன நாள்லருந்து என்னைய அப்படிக் கூப்புட்டதில்ல.

"தோட்டத்துக்கு உசுரோட இருக்கட்டும். எனக்கு இல்லீங்க. ரெண்டு குடும்பமா பிரிச்சு, என்னுதுல என் நம்பரப் போடுங்க."

"அதுக்கு இவரும் கைநாட்டு வைக்கணுமே."

அவரு கன்னம் துடிச்சுது. எந்திரிச்சு வெளிய போகப் பாத்தாரு. பொம்பளைங்க கொழுந்துக் கூடையோட வாசல அடைச்சு நின்னாங்க. அவரு திரும்பி வந்து ஒக்காந்து, எடது கைப் பெருவிரல மையில அமுக்குனாரு.